சொன்ன வேகம் வரவில்லை: அறிகுறியைப் பார்த்து இணையப் பழுதைக் கண்டறியும் முறை

வேலூர், சத்துவாச்சாரி, காட்பாடி வட்டாரத்தில் வீட்டு இணைய இணைப்புகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். "300 என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள், வருவது 90 கூட இல்லை" என்பதுதான் எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம். அழைப்பவர்களில் பலர் அதற்கு முன்பே ரவுட்டரின் ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள் மென்பொருளை, புதுப்பித்துப் பார்த்திருப்பார்கள். சிலர் புது ரவுட்டரே வாங்கி மாட்டியிருப்பார்கள். வேகம் எந்த இடத்தில் அடிபடுகிறது என்று தெரியாமல் இவற்றைச் செய்யும்போது பணமும் நேரமும் போகின்றன, பழுது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர், அது வந்து சேரும் ஓஎன்டி பெட்டி, பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான லேன் கேபிள், ரவுட்டர், அதற்கப்பால் வைஃபை, கடைசியில் நம் கைப்பேசி என்று வேகம் பல கை மாறி வருகிறது. எந்தக் கையில் குறைகிறது என்பதை அறிகுறியே பெரும்பாலும் சொல்லிவிடும்.

அளந்த பிறகே கை வைக்க வேண்டும்

நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட் கணக்கில் விற்கின்றன. கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) திட்டத்தில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்க வழியில்லை. 11 மெகாபைட் காட்டினால் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. இந்த ஒரு கணக்கைச் சொல்லியதும் முறையீடு தீர்ந்துபோன வீடுகள் உண்டு.

அளப்பதற்கு, மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை நேராகச் செருகுங்கள். டிவி, மற்ற கைப்பேசிகள், கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றின் இணைப்பைத் துண்டியுங்கள். விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பிறகு ஸ்பீடு டெஸ்ட்டில் சென்னையில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்து மூன்று முறை ஓட்டுங்கள். காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் இதையே செய்து, நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் எடுத்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அறிகுறி: கம்பியில் அளந்தாலும் 93, 94-இல் நின்றுவிடுகிறது

200, 300 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கியவர்கள் வீட்டில் இந்த எண்ணைக் கண்டால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும், ஏனென்றால் இதைவிடத் தெளிவாகப் பேசும் அறிகுறி வேறில்லை. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் (லேன் கேபிள் வழி இணைப்பில்), ஒவ்வொரு தகவல் பொட்டலத்தோடும் சேரும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்களுக்கான இடம் போக, பயன்பாட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 94 எம்பிபிஎஸ். எனவே வழியில் ஏதோ ஓர் இணைப்பு கிகாபிட்டில் (1000 எம்பிபிஎஸ்) பேசாமல் 100-க்கு இறங்கிவிட்டது. ஃபர்ம்வேருக்கு இதில் எந்தப் பங்கும் இருப்பது அரிது.

முதலில் போர்ட்டுகளைப் பாருங்கள். ஓஎன்டி பெட்டிகள் பலவற்றில் ஒரு லேன் போர்ட் மட்டும் கிகாபிட்டாகவும் மற்றவை 100 எம்பிபிஎஸ் ஆகவும் இருக்கும். கேபிளைப் போர்ட் மாற்றிச் செருகினாலே தீர்ந்துவிடுவதுண்டு. ரவுட்டரிலும் இதே சிக்கல் உண்டு. '1200' என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டு விற்கப்படும் மலிவான ரவுட்டர்களில் பல, பின்பக்கம் 100 எம்பிபிஎஸ் போர்ட்டுகளையே கொண்டவை. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்ற இரண்டு உச்ச எண்களைக் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டதுதான் அந்த 1200. உள்ளே நுழையும் வாசல் 100 ஆக இருக்கும்போது அந்த எண்ணால் பயனில்லை. ரவுட்டர் வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்தைவிட, போர்ட் விவரம் எழுதியுள்ள பக்கத்தைத்தான் படிக்க வேண்டும்.

போர்ட்டுகள் கிகாபிட் என்று உறுதியானால் அடுத்தது கேபிள். காட்பாடி காந்தி நகரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வீட்டில், புது ரவுட்டர் வந்த பிறகும் 93-ஐத் தாண்டவில்லை. "மூவாயிரம் குடுத்து வாங்கினேன் தம்பி, பழசே பரவால்லன்னு ஆயிடுச்சு" என்று மனம் நொந்து சொன்னார். ஓஎன்டி கூடத்திலும் ரவுட்டர் உள்ளறையிலும் இருந்தன. இடையில் ஓடிய கேபிள் சன்னல் கம்பிக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. மடிக்கணினியை ஓஎன்டியிலேயே வேறு கேபிளால் செருகினேன். 290-க்கு மேல் வந்தது. நசுங்கிய கேபிளின் முனையை வெட்டி உறையை உரித்துப் பார்த்தபோது, எட்டு இழைகளில் பழுப்பு இழை பிளக்கின் பல்லைத் தொடாமலே உள்ளே அறுந்திருந்தது.

100 எம்பிபிஎஸ் ஓட 1, 2, 3, 6 என்ற நான்கு இழைகளே போதும். கிகாபிட்டுக்கு எட்டு இழைகளும் உயிரோடு இருக்க வேண்டும். நீலமோ பழுப்போ அறுந்தால் இணைப்பு நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. விண்டோஸில் ஈதர்நெட் அமைப்பைத் திறந்து 'லிங்க் ஸ்பீடு' என்ற வரியைப் பாருங்கள்: 1000 என்றால் மடிக்கணினிக்கும் அது செருகியுள்ள பெட்டிக்கும் இடையிலான கேபிள் நலம், 100 என்றால் பிளக்கை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள் (புதுப் பிளக்கைக் கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்) அல்லது கேபிளை மாற்றுங்கள். ஓஎன்டியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிளையும் மடிக்கணினியில் செருகி இப்படியே சோதிக்கலாம். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் விலை குறைவு என்று வாங்காதீர்கள். அது கிரிம்ப் செய்யும் இடத்திலேயே ஒடியும். அந்த அம்மா வீட்டில் புதுப் பிளக்கைப் போட்டதும் உள்ளறையிலும் 290 வந்தது. பழைய ரவுட்டருக்கும் கிகாபிட் போர்ட்டுகள் இருந்தன என்பதை அவரிடம் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அறிகுறி: கம்பியில் முழு வேகம், வைஃபையில் கால்வாசி

இதற்கு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. கைப்பேசி 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்தால் 40, 50 எம்பிபிஎஸ் வருவதே இயல்பு. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் சோதனைக்காகவாவது தனித்தனிப் பெயர் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் துளைப்பதில் பலவீனமானது. வேலூர்க் கோட்டையைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் ஒன்றரை அடிச் சுவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே அடுத்த அறைக்கே அது திணறும். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் ரவுட்டரை வைக்கக் கூடாது. மாடிக்கு வேண்டுமென்றால், வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரைத் தேடுவதைவிட, ஒரு லேன் கேபிளை இழுத்து இரண்டாவது வைஃபை பெட்டியை வைப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவமனைக்கு வருவோருக்கான விடுதிகள் நெருங்கியிருக்கும் காந்தி ரோடு பக்கத்தில், ஒரே அறையில் நின்றால் முப்பது, நாற்பது வைஃபை பெயர்கள் தெரியும். அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸில், வைஃபை பேசும் அலைவரிசைத் துண்டான சேனலுக்கு 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால் எல்லோருக்கும் கேடு. 20 வைத்து, ஒன்றோடொன்று மேற்படாத 1, 6, 11 சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். 12, 13 சேனல்கள் காலியாக இருக்கிறதே என்று போனால், அமெரிக்காவில் வாங்கி வந்த மடிக்கணினிக்கு உங்கள் வைஃபை கண்ணிலேயே படாமல் போகலாம்.

அறிகுறி: ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகுதான் வேகம் குறைந்தது

இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். புதுப்பிப்பு என்பது முதன்மையாகப் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்காக வருவது. அதைத் தவிர்க்கச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை தரமாட்டேன். ஆனால் அது வேகத்தைக் கூட்டும் மருந்து என்ற நம்பிக்கை தவறு. வெளியீட்டுக் குறிப்பில் வைஃபை நிலைத்தன்மை அல்லது வேகம் தொடர்பான பிழை சரிசெய்யப்பட்டதாக எழுதியிருந்தால் மட்டுமே அதை எதிர்பார்க்கலாம். வேகம் குறைந்துவிட்டால், பெரும்பாலும் புதிய ஃபர்ம்வேரின் குற்றம் என்பதைவிட, அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பியதே காரணமாக இருக்கும்.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் 5 கிகாஹெர்ட்ஸின் சேனல் அகலம்: 80 ஆக இருந்தது 20 ஆகிவிட்டிருந்தால், வைஃபை வேகம் நான்கில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும். அடுத்து பாதுகாப்பு முறை: 'டபிள்யூபிஏ2' உடன் 'ஏஇஎஸ்' என்ற குறியாக்கம் இருக்க வேண்டும், 'டிகேஐபி' என்ற பழைய குறியாக்கம் தேர்வாகியிருந்தால் வைஃபை 54 எம்பிபிஎஸ் என்ற பழைய வரம்புக்குள் முடங்கிவிடும், அதிலும் கைக்குக் கிடைப்பது பாதிதான். மூன்றாவதாக நாடு: இந்தியா என்று இல்லாமல் வேறு நாடு குறிக்கப்பட்டிருந்தால் சேனல்களும் ஒலிபரப்பு ஆற்றலும் மாறிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே தெரியவில்லை என்று பதறுபவர்கள் ஒரு நிமிடமாவது பொறுத்திருங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் ஏதும் இயங்குகிறதா என்று குறைந்தது 60 விநாடிகள் கேட்டுப் பார்த்த பிறகே ரவுட்டர் வாய் திறக்கும். அவசரப்பட்டு அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் அந்தக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

வைஃபையில் மட்டுமல்லாமல் கம்பியிலும் குறைந்திருந்தால் தேட வேண்டிய இடம் வேறு. ரவுட்டரின் செயலி சிறியது. ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் அதுவே கையால் எடுத்து மாற்ற வேண்டுமென்றால் திணறிப்போகும். அதற்காகவே, பொட்டலங்களைத் தனி வன்பொருள் வழியே கடத்திவிடும் வசதி உண்டு. 'நாட் பூஸ்ட்', 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்' எனப் பெயர் மாறி மாறி இருக்கும். புதுப்பித்த பிறகு இது அணைந்திருக்கலாம். 'கியூஓஎஸ்' (வேகத்தைச் சாதனங்களுக்குப் பங்கிடும் வசதி), பெற்றோர் கட்டுப்பாடு, பயன்பாட்டுக் கண்காணிப்பு போன்றவற்றை இயக்கினாலும் பல ரவுட்டர்களில் இது தானாக நின்றுவிடும், ஏனென்றால் ஒவ்வொரு பொட்டலத்தையும் எண்ண வேண்டுமானால் செயலியே பார்த்தாக வேண்டும். புதிய ஃபர்ம்வேர் ஒரு பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்து அதைத் தானே இயக்கிவிட்டால், 300 வந்த இடத்தில் 150 வருவதற்கு அதுவே போதும். ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் கம்பியில் அளந்தால் காரணம் பிடிபடும்.

'கியூஓஎஸ்' பக்கத்தில் இன்னொன்றும் பாருங்கள். தொரப்பாடியில் ஒரு வீட்டில் 50 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 150-க்கு உயர்த்தியும் 48-க்கு மேல் ஏறவில்லை. பழைய திட்டத்தின்போது யாரோ அங்கே மொத்த வேகம் 50 என்று எழுதி வைத்திருந்தார்கள். ரவுட்டர் அந்த ஆணையை நேர்மையாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இவை எதிலும் தீராவிட்டால் ரீசெட் செய்து அமைப்புகளைக் கையால் மறுபடி எழுதுங்கள். பழைய பதிப்பின் காப்புக் கோப்பை மீண்டும் ஏற்ற வேண்டாம். பழைய கோளாறும் அதோடு வந்துவிடும். ரீசெட்டுக்கு முன், நிறுவனத்தின் வலையமைப்பில் நுழையும் முறையான பிபிபிஓஇ-யின் பயனர் பெயர், கடவுச்சொல், இணைப்பைப் பிரித்துக் காட்டும் விலான் எண் மூன்றையும் குறித்து வையுங்கள். இவை கையில் இல்லாமல் ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுதும் இணையமில்லாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. பிபிபிஓஇ இணைப்பில் எம்டியூ (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, பைட்டில்) 1492 ஆக இருக்க வேண்டும். 1500 என்று மாறியிருந்தால் சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கும், மற்றவை ஓடும்.

"நான் எதையும் தொடவில்லையே, எப்படி மாறியது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: நிறுவனம் கொடுத்த ஓஎன்டிக்கு நிறுவனமே தொலைவிலிருந்து ஃபர்ம்வேரை அனுப்ப முடியும். டிஆர்-069 என்ற நெறிமுறை அதற்காகவே உள்ளது. காலையில் எழுந்தபோது வைஃபை பெயரோ சேனலோ மாறியிருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தப் பெட்டிக்கு இணையத்தில் கிடைத்த ஃபர்ம்வேரை நீங்களாக ஏற்றாதீர்கள். அந்நிறுவனத்தின் வலையமைப்பில் அது பதிவாகாமலே போய்விடக்கூடும்.

அறிகுறி: புதுப்பிக்கும்போதே பிழை காட்டுகிறது, அல்லது விளக்கு சிமிட்டிக்கொண்டே நிற்கிறது

ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் 'வி1', 'வி2' என்று வன்பொருள் பதிப்பு இருக்கும். அது ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு பொருந்தாது. இறக்கிய கோப்பு 'ஜிப்' என்ற சுருக்கிய வடிவில் இருந்தால் பிரித்து, உள்ளே இருக்கும் கோப்பை ஏற்ற வேண்டும். எப்போதும் கம்பி வழியாகவே ஏற்றுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளா என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டு, இன்வெர்ட்டரோ மினி யூபிஎஸ்ஸோ இருந்தால் அதில் செருகித் தொடங்குங்கள். பாதியில் மின்சாரம் போனால் பெட்டி எழாமல் போகலாம். விளக்கு சிமிட்டுகிறது என்று உடனே அணைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். அப்போதும் எழாவிட்டால், பல தயாரிப்பாளர்கள் மீட்பு முறை ஒன்றை வைத்திருக்கிறார்கள்; அந்த மாடலுக்குரிய வழிமுறையை அவர்களுடைய தளத்திலேயே படியுங்கள்.

அறிகுறி: பிற்பகலில் தள்ளாடுகிறது, இரவில் சரியாகிறது

வெயிலூர் என்று பெயரெடுத்த ஊரில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றின் விவரத்தாளில் இயங்கு வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கும். கத்திரி வெயிலில் இங்கே நிழலிலேயே 40-ஐத் தாண்டுகிறது. மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே, பரணில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்த ரவுட்டரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மே மாதத்தில் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் ஏணி போட்டு ஏறித் தொட்டபோது, உள்ளங்கையை வைத்திருக்க முடியவில்லை. அடியில் இருந்த காற்றுத் துளைகளை வெள்ளைத் தூசி அடைத்திருந்தது. பல சில்லுகள் சூடு ஏறும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தையும் ஒலிபரப்பு ஆற்றலையும் குறைத்துக்கொள்ளும். இன்னும் ஏறினால் ரவுட்டர் தானாக மறுபடி தொடங்கும். அந்த வீட்டில் ரவுட்டரைக் கீழே இறக்கி, உணவு மேசைக்கு மேல் ஆணி அடித்துச் செங்குத்தாக மாட்டினோம், தூசியைத் தூரிகையால் தட்டினோம். அதன் பிறகு பிற்பகல் அளவும் இரவு அளவும் ஒன்றாகவே வந்தன.

இடம் மாற்றியும் தானாக அணைந்து எழுந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். 12 வோல்ட் கேட்கும் பெட்டிக்கு வீட்டில் கிடந்த 9 வோல்ட் அடாப்டரையோ, பேட்டரி தளர்ந்த மினி யூபிஎஸ்ஸையோ போட்டிருப்பார்கள்.

அறிகுறி: இரவு 8 மணி முதல் 11 மணி வரை மட்டும் விழுகிறது

காலையில் கம்பியில் 290, இரவில் அதே கம்பியில் 40 என்றால் உங்கள் வீட்டில் பழுது இல்லை. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் முறையில், ஓர் ஃபைபரின் 2.5 ஜிபிபிஎஸ் (2500 எம்பிபிஎஸ்) வேகத்தை 32 வீடுகளோ 64 வீடுகளோ பகிர்ந்துகொள்கின்றன. அதற்கு மேலே உள்ளூர் ஆபரேட்டர் வாங்கியிருக்கும் மொத்த வேகமும் எல்லோருக்கும் பொது. கூட்ட நேரத்தில் இந்த இரண்டில் ஒன்று நிரம்புகிறது. ரவுட்டரை மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. எழுதி வைத்த மூன்று வேளை அளவுகள் இங்கேதான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

மாதத்தின் கடைசி நாட்களில் மட்டும், எல்லா வேளையும் ஒரே சிறிய எண்ணில் நின்றால், பயன்பாட்டு வரம்பைத் தாண்டியிருக்கிறீர்கள். 'அன்லிமிடெட்' என்று விற்கப்படும் பல திட்டங்களிலும் 3300 ஜிபி போன்ற வரம்பு உண்டு.

அறிகுறி: விட்டு விட்டு வருகிறது, ஓஎன்டியில் சிவப்பு விளக்கு தலைகாட்டுகிறது

உலாவியில் ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஒளி அளவு என்ன டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) என்று பாருங்கள். மைனஸ் எண் என்பதால் பலர் குழம்புகிறார்கள்: மைனஸ் 20 நல்லது, மைனஸ் 27 விளிம்பு. 3 டெசிபெல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும். விளிம்பை நெருங்கும் வரை வேகத்தில் எதுவும் தெரியாது, நெருங்கியதும் பிழைகள் பெருகித் தடுமாறும். மழைக்குப் பிறகோ, பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிய பிறகோ எண் இறங்கியிருந்தால், வெளியே ஒட்டுப் போட்ட இடத்தில்தான் கோளாறு. வீட்டுக்குள் பார்க்க வேண்டியது ஃபைபரின் வளைவு: கை வளையலைவிடச் சிறிய வட்டமாக அது எங்கும் மடங்கக் கூடாது. ஃபைபர் முனையை ஊதவோ, சட்டையில் துடைக்கவோ, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவோ வேண்டாம்.

புகார் கொடுக்கும் விதம்

"நெட் ஸ்லோவாக இருக்கிறது" என்று சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "300 திட்டம். ஓஎன்டியில் நேரடியாகக் கம்பி செருகி அளந்தது. லிங்க் ஸ்பீடு 1000. மூன்று நாட்களாகக் காலை 6 மணிக்கு 292, இரவு 9 மணிக்கு 41, 38, 44. ஒளி அளவு மைனஸ் 21." கேட்பவர் உங்களைக் கேபிள் பார்க்கச் சொல்லவோ வைஃபையைக் காரணம் காட்டவோ இதில் இடமில்லை. புகாரைப் பதிவு செய்ததும் அதற்கான பதிவு எண்ணை (டாக்கெட் எண்) கேட்டு வாங்குங்கள். தீர்வு திருப்தி தரவில்லை என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி நிறுவனங்களில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார்; அந்த டாக்கெட் எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டணமின்றி முறையிடலாம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசலாம். எந்த இடத்துக்குப் போனாலும் அளவுகள் எழுதிய அந்தத் தாளின் படத்தைச் சேர்த்தே அனுப்புங்கள்.